கடைசி பெஞ்ச் ஜெயிக்கும் ஐந்து படங்கள்: எதைப் போடுவது?

பணக்காரப் பையன்களின் கூட்டம் ஒன்று. அவர்களுக்குக் குடை பிடிக்கும் டீன். எதிரே யாரும் சேர்த்துக்கொள்ளாத உதிரிகள் ஏழெட்டுப் பேர். நடுவில் ஒரு பார்ட்டி, முடிவில் ஒரு போட்டியோ விசாரணையோ. அமெரிக்கக் கல்லூரி காமெடிகளில் முக்கால்வாசிக்கு இதுதான் கதை. 1978-இல் ‘அனிமல் ஹவுஸ்’ போட்டுக் கொடுத்த வாய்ப்பாடு இது; பின்னால் வந்தவர்கள் எண்ணை மட்டும் மாற்றிப் பெருக்கினார்கள். ஆகவே கதைச்சுருக்கத்தைப் படித்துப் படம் தேர்ந்தெடுக்கப் போனால் எல்லாம் ஒன்று போலவே தெரியும்.

இரண்டு கேள்விகள் கேட்டால் வேலை சுலபம். இந்த உதிரிகளுக்கு உருப்படியாக என்ன தெரியும்? உங்கள் கூடத்தில் யார் யார் உட்கார்ந்து பார்க்கப் போகிறார்கள்?

முதல் கேள்விதான் படத்தின் தரத்தைக் காட்டிக்கொடுக்கும். ‘பாவம், நல்ல பசங்க’ என்பதை மட்டும் வைத்துக்கொண்டு ஒன்றரை மணி நேரம் ஓட்ட முடியாது. ஒருவனுக்கு ஒரு வேலை தெரிந்திருக்க வேண்டும், அவன் அதைச் செய்வதை நாம் பார்க்க வேண்டும். அப்போதுதான் அவன் ஜெயிக்கும்போது நமக்கும் கை தட்டத் தோன்றும். இந்தக் கணக்கில் மேசையில் ஐந்து படங்கள்: ‘ரிவெஞ்ச் ஆஃப் த நெர்ட்ஸ்’ (1984), ‘ரியல் ஜீனியஸ்’ (1985), ‘பி.சி.யூ.’ (1994), ‘அக்செப்டட்’ (2006), ‘மான்ஸ்டர்ஸ் யுனிவர்சிட்டி’ (2013). முடிவை முன்னாலேயே சொல்லிவிடலாம்: கூட்டம் யாரென்று தெரியாவிட்டால் ‘ரியல் ஜீனியஸ்’. பிளஸ் டூ ரிசல்ட்டுக்குக் காத்திருக்கும் வீடு என்றால் ‘அக்செப்டட்’. பத்து வயசுக்குக் கீழே ஆள் இருந்தால் ‘மான்ஸ்டர்ஸ்’. மற்ற இரண்டுக்கும் நிபந்தனைகள் உண்டு.

படம் போடும் முன் ஒரு சொல்லை விளக்கிவிடுவது நல்லது: ஃபிரட்டர்னிட்டி. கிரேக்க எழுத்துகளில் பெயர் வைத்துக்கொண்ட மாணவர் சங்கம். கேம்பஸில் அதற்கென்று ஒரு வீடு. உள்ளே சேர விண்ணப்பித்து, சீனியர்கள் சொல்லும் கூத்தையெல்லாம் செய்து, பிறகே உறுப்பினர். நம்மூர் ராகிங்கையும் ஹாஸ்டலையும் ஜாதிச் சங்கத்தையும் ஒரே பானையில் போட்டுக் கிளறினால் கிட்டத்தட்ட வரும். இது புரியாமல் உட்கார்ந்தால் இந்த ஐந்தில் நான்கு படங்களில் ‘ஏன் ஒரு வீட்டுக்காக இவ்வளவு அடித்துக்கொள்கிறார்கள்?’ என்ற கேள்வி கடைசிவரை தொண்டையில் நிற்கும். விதிவிலக்கு ‘ரியல் ஜீனியஸ்’ மட்டும். அங்கே சண்டை லேபில்.

பெயர் பெற்றதிலிருந்தே தொடங்கலாம். ‘நெர்ட்ஸ்’ என்றால் படிப்பே கதி என்று கிடக்கும் பையன்கள்; அவர்கள் ஜெயிக்கும் படங்களுக்கு இதுதான் தாத்தா. ஜெஃப் கேன்யூ இயக்கம். ராபர்ட் கராடைன், ஆன்டனி எட்வர்ட்ஸ் நடிப்பு. ஆடம்ஸ் காலேஜ் என்று கதையில் பெயர். படம் பிடித்தது டூசானில் அரிசோனா பல்கலைக்கழகத்தில். கால்பந்து வீரர்கள் தங்கள் வீட்டைத் தாங்களே கொளுத்திக்கொண்டு, புதிதாகச் சேர்ந்த பையன்களை அறையிலிருந்து துரத்திவிட, அந்தப் பையன்கள் ஜிம் ஹாலில் கட்டில் போட்டுப் படுப்பதில் கதை பிடிக்கிறது. கறுப்பினத்தவரின் சங்கமான லாம்ப்டா லாம்ப்டா லாம்ப்டாவின் பெயரை வாங்கித் தங்களுக்கென்று ஒரு கிளை தொடங்குகிறார்கள். ஈட்டி எறிதலில் லமார் என்ற பையனின் மணிக்கட்டு வீச்சுக்கு ஏற்றபடி ஈட்டியையே வடிவமைத்துக் கொடுப்பது, கடைசியில் சிந்தசைசரும் வயலினுமாக ஒரு மேடைப் பாட்டு என்று ‘இவர்களுக்கு வேலை தெரியும்’ என்பதைக் காட்டும் காட்சிகள் நன்றாகவே இருக்கின்றன.

ஆனால் இன்றைக்கு இதைப் பொதுவில் போட முடியாது. நாயகர்களே மாணவிகளின் விடுதியில் ரகசியக் கேமரா வைக்கிறார்கள். அதில் கிடைத்த படத்தைத் தட்டில் ஒட்டி, மேலே கிரீம் நிரப்பி விற்கிறார்கள். இன்னொருத்தனின் முகமூடியைப் போட்டுக்கொண்டு அவன் காதலியை ஏமாற்றிப் படுக்கிறான் ஒருத்தன். படம் இதையெல்லாம் வெற்றியாகக் கொண்டாடுகிறது. ஜப்பானிய மாணவன் பாத்திரம் வெறும் கேலிச்சித்திரம். ‘காலம் அப்படி’ என்று தள்ளிவிட்டுப் பார்க்கலாம், தனியாக. பத்துப் பேரோடு உட்கார்ந்தால் அந்த முகமூடிக் காட்சியில் அறை அமைதியாகிவிடும், பிறகு சிரிப்பு திரும்பாது. காரணம் எளிது: நசுக்கப்பட்டவன் என்பதால்தான் அவன் பக்கம் நின்றோம், அவனே இன்னொருத்தியை நசுக்கினால் நிற்க இடமில்லை. அமெரிக்காவில் இதற்கு ‘ஆர்’ சான்றிதழ், அதாவது பெரியவர் துணையில்லாமல் சிறுவர்களுக்கு அனுமதியில்லை. குடும்பத்தோடு என்றால் பட்டியலிலிருந்து அடித்துவிடுங்கள்.

‘பி.சி.யூ.’ நேர் எதிர்ப் பிரச்சினை. யாரையும் அவ்வளவாகப் புண்படுத்தாது, பாதிப் பேருக்குப் புரியவும் புரியாது. ஹார்ட் பாக்னர் இயக்கியது. ஆடம் லெஃப், ஸாக் பென் இருவரும் தாங்கள் படித்த வெஸ்லியன் பல்கலைக்கழகத்தை மனசில் வைத்து எழுதியது. பிளஸ் டூ முடிக்கவிருக்கும் பையன் ஒருவன் காலேஜைச் சுற்றிப் பார்க்க வருகிறான். கேம்பஸில் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு போராட்டம், ஒரு கோஷம், ஒரு குழு. எந்தக் குழுவிலும் சேராதவர்கள் ‘பிட்’ என்ற குப்பை வீட்டில் கிடக்கிறார்கள். வீட்டுக்குச் செய்த சேதத்துக்குப் பணம் கட்டாவிட்டால் காலி செய்ய வேண்டும். ஆகவே காசு வசூலிக்க ஒரு பார்ட்டி. சுமார் 80 நிமிடம்தான் ஓட்டம், எங்கும் தொய்வில்லை. ஜெரமி பிவன் பேசும் வேகத்துக்கு சப்டைட்டில் கட்டாயம் வேண்டும்.

இதில் ஒரு பாத்திரம் மட்டும் மறக்காது. பட்டப் படிப்பு ஆய்வுக்கு என்று ஒருவன் நாள் முழுக்க டிவி முன்னால் உட்கார்ந்திருப்பான். அவனுடைய கோட்பாடு: எந்த நேரத்தில் டிவியைப் போட்டாலும் ஏதோ ஒரு சேனலில் மைக்கேல் கெயின் படமோ ஜீன் ஹேக்மன் படமோ ஓடிக்கொண்டிருக்கும். நம்மூர் சேனல்களை வைத்து இதே ஆய்வை யார் வேண்டுமானாலும் தொடரலாம். நடிகர் பெயரை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். இன்னொன்று, கச்சேரிக்குப் போகும்போது அந்த பேண்டின் பெயர் போட்ட டீ-ஷர்ட்டையே போட்டுக்கொண்டு கிளம்பும் ஜான் ஃபேவ்ரோவை நண்பன் தடுக்கும் இடம். பிற்காலத்தில் ‘அயர்ன் மேன்’ எடுத்தவர் இவர்தான் என்று சொன்னால் கூட்டத்தில் ஒருவராவது நம்ப மாட்டார்.

ஆனால் முதல் கேள்வியில் படம் தோற்கிறது. பிட்காரர்களுக்கு என்ன தெரியும்? பார்ட்டி வைக்கத் தெரியும். அவ்வளவுதான். அதுவும் ஜார்ஜ் கிளின்டனின் ‘பார்லமென்ட் ஃபங்கடெலிக்’ இசைக்குழு வழி தவறி வந்து சேர்ந்ததால் காப்பாற்றப்பட்ட பார்ட்டி. 1990-களின் அமெரிக்கக் கேம்பஸ் அரசியல் பழக்கமான நாலு பேர் சேர்ந்து பார்த்தால் அமர்க்களம். மற்றவர்களுக்கு நல்ல வசனம் உள்ள ஒரு சுமார் படம்.

‘அக்செப்டட்’ பற்றிக் கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டும், ஏனென்றால் நம் வீடுகளில் இது வேறு மாதிரி வேலை செய்யும். ஸ்டீவ் பிங்க் இயக்கம். பார்ட்டில்பி கெயின்ஸாக ஜஸ்டின் லாங். கூடவே, அப்போது அவ்வளவாக அறியப்படாத ஜோனா ஹில். விண்ணப்பித்த எட்டுக் கல்லூரிகளும் பார்ட்டில்பியை நிராகரிக்கின்றன. அப்பா முகத்தைப் பார்க்கப் பயந்து, ‘சவுத் ஹார்மன் இன்ஸ்டிடியூட் ஆஃப் டெக்னாலஜி’ என்று இல்லாத கல்லூரியின் பெயரில் சேர்க்கைக் கடிதம் தயாரிக்கிறான். அப்பா வெப்சைட்டைக் கேட்பார், அதனால் வெப்சைட். கொண்டுவந்து விடுவார், அதனால் மூடிக்கிடக்கும் மனநல மருத்துவமனை ஒன்றை வாடகைக்கு எடுத்து வெள்ளையடிக்கிறார்கள். டீனைப் பார்க்க வேண்டும் என்பார், அதனால் புரொஃபஸர் வேலையை விட்டு செருப்புக் கடையில் நிற்கும் ஒரு மாமா. ஒரு பொய்யை நிறுத்த அடுத்த பொய் என்று முதல் அரை மணி நேரம் கடிகாரம் போல ஓடுகிறது.

திருப்பம் எங்கே வருகிறது என்பதைக் கவனியுங்கள். வெப்சைட்டில் ‘சேர்க்கைக்கு ஒரு க்ளிக்’ என்று போட்டிருக்கிறது. அந்த க்ளிக் நிஜமாகவே வேலை செய்கிறது. யார் அழுத்தினாலும் சேர்க்கைக் கடிதம். கல்லூரி திறக்கும் நாளில் கதவைத் தட்டும் சத்தம். திறந்தால் வேறெங்கும் இடம் கிடைக்காத நூற்றுக்கணக்கான பிள்ளைகள், பெட்டி படுக்கையோடு, ஆளுக்குப் பத்தாயிரம் டாலர் காசோலையோடு. அந்த ஒரு காட்சியில் படம் கலாட்டாவிலிருந்து வேறு எங்கோ போய்விடுகிறது. திருப்பி அனுப்ப வேண்டும் என்றுதான் பார்ட்டில்பி மேடை ஏறுகிறான். முகங்களைப் பார்த்ததும் வாய் வரவில்லை.

கவுன்சிலிங்கில் கட்-ஆஃப் கால் மார்க்கில் தவறிய பிள்ளை இருக்கும் வீட்டில் இந்தக் காட்சிக்கு யாரும் சிரிக்க மாட்டார்கள். சிரிக்காமல் இருப்பது இங்கே நல்லதுதான். அடுத்து வருவது இன்னும் நல்லது: ஒரு பலகையை நட்டு ‘உனக்கு என்ன கற்றுக்கொள்ள வேண்டும்?’ என்று கேட்டு எழுதச் சொல்கிறான். சமையல், ஸ்கேட்போர்டு, சும்மா நடந்து யோசிப்பது என்று பலகை நிறைகிறது.

குறைகளும் இருக்கின்றன. முதலாவது, பெயரிலேயே இருக்கும் ஜோக். அந்தக் கல்லூரியின் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்துப் படித்தால் மலத்துக்கான கொச்சைச் சொல் வரும். தமிழில் இதைக் கடத்த வழியில்லை. தாத்தா பாட்டி ‘ஏன் எல்லாரும் சிரிக்கிறாங்க?’ என்று கேட்டால் பதில் சொல்லத் தயாராக இருங்கள், அல்லது சத்தத்தைக் கூட்டிவிடுங்கள். இரண்டாவது, பத்தாயிரம் டாலர் வீதம் வசூலித்த பணத்தின் சட்டச் சிக்கலைப் படம் லாகவமாகத் தாண்டிவிடுகிறது. ஒஹாயோ மாநில அங்கீகார விசாரணையில் ஒரு நல்ல பேச்சு, ஓராண்டுக்குத் தற்காலிக அனுமதி, சுபம். போலிப் பல்கலைக்கழகங்களின் பட்டியலை யு.ஜி.சி. தொடர்ந்து வெளியிட வேண்டியிருக்கும் நாட்டில் இருந்துகொண்டு பார்க்கும்போது இந்த முடிவு கொஞ்சம் உறுத்தத்தான் செய்யும். பிள்ளைகளிடம் அதை வெளிப்படையாகச் சொல்லிவிடலாம்: நிஜத்தில் பார்ட்டில்பி கம்பி எண்ணுவான். மூன்றாவது, பணக்கார வில்லன்கள் அட்டையில் வெட்டி ஒட்டியது போல இருக்கிறார்கள்.

நம் ஆட்களுக்கு இந்தக் கதை வேறு வழியாகத் தெரிந்திருக்கலாம். 2011-இல் ரெமோ டிசூசா இந்தியில் எடுத்த ‘ஃபால்து’ இதே முடிச்சுதான். இரண்டையும் அடுத்தடுத்துப் பார்க்கத் தேவையில்லை. அமெரிக்கப் படம் ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும்.

‘மான்ஸ்டர்ஸ் யுனிவர்சிட்டி’யைக் குறைத்து மதிப்பிடப்பட்ட படம் என்றால் வசூல் கணக்கைக் காட்டிச் சண்டைக்கு வருவார்கள். வசூலில் அது பெரிய படம்தான். ஆனால் இதை எடுத்த அனிமேஷன் நிறுவனமான பிக்ஸாரின் படங்களைப் பட்டியல் போடுகிறவர்கள் இதைக் கடைசிப் பாதியில்தான் வைக்கிறார்கள், அது அநியாயம். ஏனென்றால் இந்த ஐந்தில் முடிவைத் துணிந்து எழுதிய படம் இதுதான்.

பூச்சாண்டி காட்டுவதைப் பட்டப் படிப்பாகப் படிக்கும் உலகம். மைக் என்ற ஒற்றைக் கண் குட்டையன் புத்தகம் முழுவதும் மனப்பாடம். அவனைப் பார்த்து ஒரு குழந்தையும் பயப்படாது. சல்லி பெரிய வீட்டுப் பிள்ளை; உறுமத் தெரியும், படிக்கத் தெரியாது. இருவரும் சேர்ந்து வேறு வழியில்லாமல் ஊஸ்மா கப்பா என்ற உதவாக்கரைக் குழுவில் விழுகிறார்கள். அதில் ஒருவர் வேலை போய் மறுபடி படிக்க வந்த நடுவயது சேல்ஸ்மேன். குழுவுக்கு வீடு, இன்னொரு உறுப்பினனுடைய அம்மாவின் வீடு. வீட்டின் அடித்தளத்தில் குழுவில் சேர்க்கும் சடங்கு நடக்கும்போது அங்கேயே அம்மா துணி துவைத்துக்கொண்டிருப்பார்.

வழக்கமான படமாக இருந்தால் போட்டியில் ஜெயித்ததும் முடிந்திருக்கும். இங்கே ஜெயித்த பிறகுதான் மைக்குக்குத் தெரிகிறது, அவனுக்காக சல்லி, பயமுறுத்தலைச் சோதிக்கும் போட்டி இயந்திரத்தின் கடினத்தைக் குறைத்து வைத்திருக்கிறான் என்று. எவ்வளவு உழைத்தாலும் தனக்கு இது வராது என்பதை அவன் ஏற்கும் ஏரிக்கரைக் காட்சி, குழந்தைகள் படத்தில் எதிர்பார்க்காத இடம். கடைசியில் இருவரையும் காலேஜ் வெளியே அனுப்பிவிடுகிறது. பூச்சாண்டி காட்டும் நிறுவனத்தில் கடிதம் பிரிக்கும் வேலையிலிருந்து தொடங்கி ஏறி வருகிறார்கள். ‘முயன்றால் எல்லாம் முடியும்’ என்று சொல்லிச் சொல்லி வளர்த்த பிள்ளைக்கு இது கொஞ்சம் புளிக்கும். ஆறு வயசுக்கு மேல் யாருக்கும் போடலாம். ஒன்றே முக்கால் மணி நேரம் என்பதால் சின்னக் குழந்தைகளுக்கு நடுவில் ஒரு இடைவேளை விட்டுவிடுங்கள். டீன் ஹார்ட்ஸ்க்ராபிள் வரும் இடங்களில் நாலு வயசுக்காரர்கள் மடியில் ஏறிக்கொள்வார்கள்.

இனி ‘ரியல் ஜீனியஸ்’. 1985 ஆகஸ்டில் வந்தது. நேரம் சரியில்லை: ‘வியர்ட் சயின்ஸ்’, ‘மை சயன்ஸ் ப்ராஜெக்ட்’ என்று விஞ்ஞானமும் விடலைகளும் கலந்த இன்னும் இரண்டு படங்கள் முன்னும் பின்னுமாக அதே பத்து நாளுக்குள் வெளியாகி, மூன்றும் ஒன்றையொன்று தின்றுவிட்டன. இயக்குநர் மார்த்தா கூலிட்ஜ். ‘டாப் கன்’ வருவதற்கு ஒரு வருஷம் முன்பு வால் கில்மர் நடித்தது. 2025 ஏப்ரலில் அவர் இறந்தபோது பலரும் முதலில் நினைவுகூர்ந்த படங்களில் இதுவும் ஒன்று.

பசிஃபிக் டெக் என்ற கற்பனைக் கல்லூரி. முன்மாதிரி, கலிஃபோர்னியாவின் பேர்பெற்ற அறிவியல் பல்கலைக்கழகமான கால்டெக் என்று பார்த்த உடனே தெரியும். பதினைந்து வயசு மிட்ச் அங்கே சேர்கிறான். அறைத் தோழன் கிரிஸ் நைட், ஒரு காலத்தில் இதே போல மூச்சுவிடாமல் படித்து, இப்போது முயல் செருப்பு மாட்டிக்கொண்டு திரிகிறவன். புரொஃபஸர் ஹாதவே, மாணவர்களுக்குத் தெரியாமல் அவர்கள் மூளையை வைத்து சி.ஐ.ஏ.வுக்கு லேசர் ஆயுதம் செய்து, வந்த பணத்தில் வீட்டைப் புதுப்பித்துக்கொண்டிருக்கிறார். எதிரி ஏவுகணைகளை வானிலேயே தடுக்கும் ‘நட்சத்திரப் போர்’ திட்டத்தை அமெரிக்க அதிபர் ரீகன் அறிவித்தது 1983 மார்ச். படம் எந்த நரம்பைத் தொடுகிறது என்பது அன்றைய ரசிகர்களுக்குச் சொல்லாமலே புரிந்திருக்கும்.

முதல் கேள்விக்கு இந்தப் படத்தின் விடை ஒவ்வொரு காட்சியிலும் இருக்கிறது. கிரிஸ் உறைந்த வாயுவைச் சில்லாக வெட்டிக் காபி மெஷினில் காசுக்குப் பதிலாகப் போடுகிறான்; காபி வரும், ‘காசு’ ஆவியாகப் போய்விடும். ஹாஸ்டல் நடைபாதையையே உறைய வைத்துச் சறுக்கு மைதானமாக்குகிறார்கள். எதிரி கென்ட்டின் காரைப் பிரித்து அவன் அறைக்குள்ளேயே மறுபடி பூட்டி நிறுத்துகிறார்கள். கென்ட் லென்ஸில் அழுக்கு வைத்து லேசரைக் கெடுக்கும்போது, படத்தில் உடைவது வெறும் கண்ணாடி இல்லை, மாதக்கணக்கான உழைப்பு. லேசர் ஒளிக்கற்றை போகும் வழியில் கண்ணாடிப் பரப்பில் ஒரு துளி எண்ணெய் இருந்தாலும் அந்த இடம் ஒளியை உறிஞ்சிச் சூடாகி வெடிக்கும். லேபில் வேலை செய்தவர்கள் அந்தக் காட்சியில் உஸ்ஸென்பார்கள்.

ஒரு காட்சியைப் பக்கத்தில் போய்ப் பார்க்கலாம். வசனமே இல்லாத பாட்டுத் துண்டு. கணக்கு வகுப்பு. முதல் நாள் எல்லா நாற்காலியிலும் மாணவர்கள். அடுத்த முறை ஒன்றிரண்டு மேசையில் ஆளுக்குப் பதில் டேப் ரெக்கார்டர். அதற்கடுத்து பாதி அறை டேப் ரெக்கார்டர். கடைசியில் மிட்ச் மட்டும் உள்ளே வருகிறான். எல்லா மேசையிலும் டேப் ரெக்கார்டர் ஓடுகிறது, புரொஃபஸர் மேசையிலும் ஒரு பெரிய டேப் ரெக்கார்டர் பாடம் நடத்திக்கொண்டிருக்கிறது. ஆன்லைன் வகுப்பில் கேமராவை அணைத்துவிட்டுத் தூங்கிய தலைமுறை இதற்கு விழுந்து விழுந்து சிரிக்கும். படம் அவர்களுக்கு ஒட்டுமா ஒட்டாதா என்று தெரிய இந்தத் துண்டை மட்டும் முதலில் போட்டுக் காட்டலாம்.

லாஸ்லோ என்றொருவன் இவர்கள் அறை அலமாரிக்குள் நுழைந்து காணாமல் போவான். கட்டடத்துக்கு அடியில் குடியிருக்கிறான். சிப்ஸ் கம்பெனி பரிசுப் போட்டிக்கு இயந்திரம் வைத்துப் பதினாறரை லட்சம் விண்ணப்பங்களை எழுதித் தள்ளுகிறான். மிகைப்படுத்தல் என்று தோன்றும். 1975-இல் கால்டெக் மாணவர்கள் மெக்டொனால்ட்ஸ் பரிசுப் போட்டிக்குக் கம்ப்யூட்டரில் அச்சடித்து அனுப்பிய விண்ணப்பங்கள் பன்னிரண்டு லட்சம். பரிசுகளில் சுமார் ஐந்தில் ஒரு பங்கை அள்ளினார்கள். அந்த லாஸ்லோதான் நடுவில் ஒரு கேள்வி கேட்கிறான். லேசர் வேலை செய்துவிட்டது, எல்லோரும் கொண்டாடுகிறார்கள். இதை எதற்குப் பயன்படுத்துவார்கள் என்று யாராவது யோசித்தீர்களா? பார்ட்டியோடு படத்தை முடிக்காமல் இந்தக் கேள்வியை உதிரிகளின் தலையிலேயே வைத்ததுதான் மற்ற நான்கிலும் இல்லாத விஷயம். தப்பு செய்தவர்களில் இவர்களும் உண்டு. பழிவாங்கல் பாதி, பரிகாரம் பாதி.

குறைகளை மறைக்க வேண்டாம். அமெரிக்காவில் ‘பி.ஜி.’ (பெற்றோர் வழிகாட்டலோடு பார்க்கலாம்) சான்றிதழ் வாங்கிய படம், ஆனால் அது 1985-ன் பி.ஜி.; இரட்டை அர்த்தம் தாராளம். மேதைகளைத் தேடித் தேடிப் படுக்கைக்கு அழைக்கும் ஒரு பெண் பாத்திரம் பதினைந்து வயசு மிட்சின் அறைக்கே வந்துவிடும். அவன் மறுத்துவிடுகிறான், இருந்தாலும் இன்றைக்கு நெளிய வைக்கும். கூடம் கலவையாக இருந்தால் அந்த இடத்தைத் தாண்டிவிடுங்கள், கதையில் ஒன்றும் குறையாது. தொடக்கத்தில் வரும் விண்வெளி லேசர் காட்சி வேறு படம் போட்டுவிட்டோமோ என்று சந்தேகிக்க வைக்கும். ஐந்து நிமிடம் பொறுங்கள். மாறாக, தூங்கவே தூங்காத, மூச்சுவிடாமல் பேசும் ஜோர்டன், அந்தக் கால நெர்ட் படங்களில் பரிசுப் பொருளாக இல்லாமல் சக மாணவியாக வரும் அபூர்வமான பெண்.

முடிவில் ஹாதவே வீட்டுக்குள் சோளத்தை நிரப்பி, அந்த லேசராலேயே பொரிக்கிறார்கள். அந்தப் பாப்கார்ன் விஞ்ஞானம் பொய். சோளமணிக்குள் இருக்கும் ஈரம் சுமார் 180 டிகிரி செல்சியஸில் நீராவியாகி மேல்தோட்டை உடைக்க வேண்டும். மேலிருந்து லேசர் அடித்தால் மேல் அடுக்கு கருகும், அடியில் இருப்பதற்குச் சூடே போகாது. நம்பிக்கைகளைச் சோதித்துப் பார்க்கும் ‘மித்பஸ்டர்ஸ்’ டிவி நிகழ்ச்சிக் குழுவும் இதைச் சோதித்து, பாப்கார்னால் வீட்டை உடைக்க முடியாது என்று முடித்துவிட்டது. படத்தில் வீடு உடைகிறது. அதற்கென்றே கட்டிய வீடு, நிஜமான பாப்கார்ன், கதவும் ஜன்னலும் பிதுங்கி வெள்ளை வெள்ளையாகக் கொட்டுகிறது. மேலே ‘டியர்ஸ் ஃபார் ஃபியர்ஸ்’ இசைக்குழுவின் பாட்டு.

ஆகவே உங்கள் பாப்கார்னை முன்னாலேயே பொரித்து வைத்துக்கொள்ளுங்கள். ஹாதவே வீட்டுக் கூரை அதிரத் தொடங்கும்போது அடுப்படியில் நின்றால் போச்சு.